தட்டில் எழுந்து நின்றவர்கள்

கடல் கொண்டுபோன ஆளைக் கடலே திருப்பித் தரும்வரை அவன் செத்தவன் ஆகமாட்டான் என்பது கோரைமேட்டுக் குப்பத்தின் வழக்கம். அதை வகுத்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது, மீறியவரும் எவருமில்லை. உடல் கரையொதுங்கினால் ஊர் கூடி அழும், எரிக்கும், காரியம் செய்யும், மனைவியின் தாலியை இறக்கும். உடல் ஒதுங்காவிட்டால் அவன் தொழிலுக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான். அவனுடைய மனைவி பூவும் பொட்டுமாக இருப்பாள். வாசற்கதவைத் தாழிட மாட்டாள். பகல் சோற்று வேளையில் அவன் உண்ட எவர்சில்வர் தட்டைக் கழுவி, சோறும் குழம்பும் இட்டு, அவன் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, அந்தச் சோறு ஆறி விறைத்துக் காக்கைக்குப் போகும்வரை தன் வாயில் ஒரு பருக்கையும் இடமாட்டாள்.

அப்படித் தட்டு வைத்துக் காத்திருந்த வீடுகள் அந்தக் குப்பத்தில் பல இருந்தன. ஐப்பசியில் அடித்த புயல் ஒன்றுக்கு அரசாங்கம் அழகான பெயர் சூட்டியிருந்தது. ஊர் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'அந்தக் காத்து' என்று மட்டும் சொல்லும். அந்தக் காற்றில் போனவர்களுள் ஒருவன் வைரக்கண்ணு. அவன் மனைவி தையல்நாயகி, மீன் இறங்குதளத்தை ஒட்டிய ஐஸ் கொட்டகையில் பெட்டி எழுதுபவள். படகுக்காரரின் பெயரையும் மீனின் பெயரையும் மார்க்கர் பேனாவால் பெட்டியின்மேல் எழுதுவது அவள் வேலை. பத்தாம் வகுப்புவரை படித்தவள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஐஸில் புழங்கிப் புழங்கி அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அந்த மரப்பு விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து தோளுக்கும் ஏறி, எந்த நாளென்று அவள் அறியாத ஒரு நாளில் நெஞ்சுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. வருத்தப்பட வேண்டிய இடமும் மரத்திருந்தது.

கொட்டகை மேஸ்திரி லூர்து ஒருநாள் டவுனுக்குப் போய், அழியாத மைப் பேனா வாங்குவதற்குப் பதிலாக, மலிவாகக் கிடைக்கிறதென்று பள்ளிக்கூட வெள்ளைப் பலகையில் எழுதி அழிக்கிற பேனாவைப் பெட்டியோடு வாங்கிவந்துவிட்டார். எல்லாம் அதிலிருந்து தொடங்கியது.

"தையலம்மா, என்னத்தம்மா எழுதுன? கேரளா லாரிக்காரன் போன் போட்டு மானத்த வாங்குறான். பேரே இல்லாத பெட்டியா போயி இறங்கியிருக்கு."

"எழுதுறதெல்லாம் ஒழுங்காத்தான் எழுதுனேன் மேஸ்திரி. நீங்க வாங்கியாந்த பேனாதான் சரியில்ல. தண்ணி பட்டா எழுத்து எந்திரிச்சுப் போயிடுது."

"எந்திரிச்சா?"

"அந்தா பாருங்க."

ஐஸ் உருகிய நீர் ஓடும் சிமெண்டு வாய்க்காலில் வஞ்சிரமும் கொடுவாவும் கணவாயும் ஓரெழுத்தும் குலையாமல், ஒன்றையொன்று முந்தாமல், வரிசையாகக் கடலைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தன. லூர்து இடுப்பில் கைவைத்துச் சற்று நேரம் பார்த்தார்; பிறகு, மீதிப் பேனாவைக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்வானா என்று கவலைப்பட்டுக்கொண்டே போய்விட்டார்.

அவளருகே இறால் உரித்துக்கொண்டிருந்த வேதவல்லி மட்டும் விடவில்லை. அவள் கணவன் முத்துச்சாமியும் வைரக்கண்ணுவும் ஒரே படகில் போனவர்கள். கண்ணீர் வற்றியபின் வாயாடித்தனம் ஊறிய பெண் அவள்.

"ஏங்க்கா, எழுத்து மட்டுந்தான் நீந்துமா, ஆளும் நீந்துமா?"

"சும்மா இருடி."

"எங்க வீட்டு ஆளப் போட்டுப் பாருக்கா. அது உசுரோட இருக்கையிலேயே நீச்சல் சரியா வராது. இப்பவாச்சும் பழகியிருக்குதான்னு பாப்போம்."

வேதவல்லி அன்று பகலில் வீடு போக நேரமிராதென்று, கொட்டகையிலேயே ஆறவைக்கக் கணவனின் தட்டில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தையல்நாயகி காலியான அந்தத் தட்டைத் துடைத்து, தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, கைக்கும் காலுக்கும் நான்கு கோடு என்று, சின்னப்பிள்ளை வரைவதுபோல ஓர் ஆளை வரைந்தாள். வரையும்போது முத்துச்சாமியை நினைத்துக்கொண்டாள். வேதவல்லி ஐஸ் தண்ணீரை ஒரு கை அள்ளி ஊற்றினாள். கோட்டு மனிதன் தட்டைவிட்டு உரிந்து, நீர்மேல் மிதந்து, ஒரு காலை மடக்கி ஊன்றி, மெல்ல எழுந்து நின்றான். நின்றவன், தன் இடுப்பில் இல்லாத லுங்கியை இரண்டு கையாலும் தூக்கி மடித்துக் கட்டினான்.

"எங்க ஆளுதான்," என்றாள் வேதவல்லி. "லுங்கிய ஏத்திக் கட்டாம அதுக்கு நிக்கவே வராது."

அவள் மிச்ச இறாலை உரித்து முடித்து, கைகழுவி, கூலியை வாங்கிக்கொண்டு, தட்டு தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் விடியும்போது தையல்நாயகியின் வாசலில் தட்டுகளோடு பெண்கள் நின்றார்கள். அவள் எல்லோருக்கும் வரைந்து கொடுத்தாள். அதே பேனாவால் வேறு யார் வரைந்தாலும் மை ஏடு ஏடாகப் பெயர்ந்து மிதந்ததே தவிர எழுந்து நிற்கவில்லை. இவள் கைக்கு மட்டுமே எழுந்தது. அதுவும் செத்தவனின் பெயரை மனத்தில் நினைத்து வரைந்தால் மட்டுமே எழுந்தது; வரைந்ததெல்லாம் அவரவர் தட்டில்தான். காய்ச்சலில் போன தன் கணவனுக்காகத் தட்டைக் கொண்டுவந்த ஒருத்திக்கு அவள் மூன்று முறை வரைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. நீரில் போனவர்களை மட்டுமே நீர் தூக்குகிறது என்று ஊர் புரிந்துகொண்டு, அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிட்டது. பிள்ளைகள் 'பேனா வித்தை' என்றார்கள். பெரியவர்கள் 'வந்துட்டாங்க' என்று மட்டும் சொன்னார்கள். டவுன் பள்ளியிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர் வந்து, இந்த மை நீரில் கரையாது, எடையும் குறைவு, ஆகவே மிதக்கிறது, இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று விளக்கினார். யாரும் வியக்கவில்லையே என்று ஊர் அவருக்கு மரியாதையாகப் பதில் சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பியது.

அதன்பின் வந்த நாள்களில் கோரைமேட்டில் தட்டு என்பது ஆள் என்றாயிற்று. தட்டின் நீர் போதாதென்று அவர்களை அகலமான பேசினுக்கு மாற்றினார்கள். ரேஷன் கடை வரிசையில் பெண்கள் பேசினோடு நின்றார்கள். அட்டையில் பெயர் இருக்கிறது, ஆளும் வந்திருக்கிறான், அரிசியைப் போடு என்று விற்பனையாளரிடம் சண்டை பிடித்தார்கள். ஊர்க்கூட்டத்தின்போது கோயில் கொட்டகையில் ஆண்கள் பக்கத்தில் பேசின்களை வரிசையாக வைத்தார்கள். வலைத் தகராறு ஒன்றில் அவர்களுடைய கருத்தும் கேட்கப்பட்டது. உயிரோடிருந்த காலத்தைப் போலவே அவர்கள் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து, இப்படித் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் தேக்கினால் டெங்கு வரும் என்று கடிந்து, பேசினுக்கு ஒரு சொட்டு மருந்து விட்டுப் போனார்கள்; மருந்தின் வாடைக்கு அந்தக் கோட்டு மனிதர்கள் மூக்கில்லாத முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மற்றபடி அவர்களால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒருவன் சதா தலையைச் சொறிந்தான். ஒருவன் பேசின் ஓரமாகவே நடந்து நடந்து எதையோ தேடினான். ஒருத்தியின் கணவன் அவளைக் கண்டதும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். போகும்போது போட்ட சண்டையை இன்னும் மறக்கவில்லை என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நாள் செல்லச் செல்லக் கோடு மெலிந்தது. ஒருவனுக்குப் பாதம் கரைந்தது. ஒருவனுக்குக் கை கழன்று தனியே மிதந்தது. அப்படி ஆனபோது ஊர்த் தலைவரான நாட்டார் மாசிலாமணி மற்ற பெரியவர்களோடு கலந்து ஒரு முடிவுக்கு வந்தார்: கடல் திருப்பித் தந்துவிட்டது என்றே இதைக் கொள்ள வேண்டும், பேசினைக் கரைக்குக் கொண்டுபோய், நடுப்பகலில் அலையில் ஊற்றி, உடலுக்குச் செய்வதையெல்லாம் முறையாகச் செய்ய வேண்டும். அவ்விதமே வீடு வீடாகச் செய்தார்கள். தாலிகள் இறங்கின, தட்டுகள் கவிழ்ந்தன, கதவுகளுக்குத் தாழ் வந்தது.

"சோத்த வடிச்ச சூட்டோட தின்னு எத்தன வருசமாச்சு தெரியுமாக்கா?" என்று வேதவல்லி கொட்டகையில் இறால் உரித்தபடியே சொன்னாள். "நேத்து வாய் வெந்துபோச்சு. வெந்தா வேவட்டும்னு தின்னேன். தாழ்ப்பாளப் போட்டுட்டுப் படுத்தேன். செத்த பொணமாட்டம் தூங்கினேன். நீ எப்பக்கா?"

தையல்நாயகி அடுத்த பெட்டியை இழுத்துவைத்து எழுதினாள். அவளுக்கும் அதுதான் வேண்டும். ஒரு தாழ்ப்பாள், ஒரு வாய்ச் சூடான சோறு, தன்னை யாரென்று கேட்டால் சொல்வதற்கு ஒரு சொல். ஊருக்கெல்லாம் வரைந்து கொடுத்த கை தன் வீட்டுத் தட்டை மட்டும் தொடவில்லை; தொட விடாமல் தடுத்தவள் மாமியார் பாக்கியத்தம்மாள்.

பாக்கியத்தம்மாள் கருவாட்டுக் கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்குச் சந்தை நடக்கிறவள்; அவளிடம் விலை பேசி வென்றவர் அந்தப் பக்கத்தில் கிடையாது.

"எம் மவன் தட்டுல பேனாவ வச்சே, கைய ஒடிச்சு அடுப்புல போட்டுருவேன்."

"ஊரெல்லாம் வரைஞ்சாச்சு அத்தை."

"ஊரா எம் புள்ளையப் பெத்துச்சு? வரைஞ்சா செத்தான்னு அர்த்தம். வரையாதவரைக்கும் அவன் தொழிலுக்குப் போயிருக்கான்."

"இத்தன வருசமாவா?"

"உனக்கென்னடி அவசரம்?"

 தையல்நாயகி எழுந்து போய்த் தட்டைக் கழுவி, சோறிட்டு, அவன் இடத்தில் வைத்துவிட்டு, ஆறுவதற்காகச் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள்.

எல்லையம்மனுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஆள் ஒருவன் ஊரில் இருக்கும்போது காப்புக் கட்டினால் அம்மன் ஏற்கமாட்டாள் என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். மற்ற வீடுகளெல்லாம் தீர்ந்துவிட்ட நிலையில் அந்தப் பேச்சு ஒரே வீட்டின்மேல் வந்து நின்றது. நாட்டார் நேரில் வந்தார்.

"பாக்கியம், நல்லா யோசிச்சுப் பாரு. அஞ்சு பேரும் ஒரே போட்டுல போனவங்க. நாலு பேரு எந்திரிச்சாச்சு. உம் மவன் ஒருத்தன் மட்டும் எங்க போயிருப்பான்?"

"அதத்தான் நாட்டாரே நானும் கேக்குறேன். எங்க போயிருப்பான்?"

"ஏட்டிக்குப் போட்டி பேசாத. நாளைக்கு உச்சி வேளையில கோயில் கொட்டகைக்குத் தட்டு வரணும். எல்லாரும் பாக்க வரையட்டும். பெத்தவ நீயே பாத்துச் சொல்லு. மறுநாள் காப்பு."

ஊர் சொன்னபின் பாக்கியத்தம்மாளுக்கும் வேறு வழியில்லை.  மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு, உச்சி வேளைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிச் சந்தைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் தையல்நாயகி தனியாக இருந்தாள். ஊர் பார்க்க முதன்முதலாக அவனைப் பார்ப்பதைவிட, தான் மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தட்டைத் துடைத்தாள். வட்டம், கோடு, நான்கு கோடு. வைரக்கண்ணுவை நினைத்தாள், அவன் முகம் உடனே வரவில்லை, வெற்றிலைக் காவி ஏறிய பல்வரிசை மட்டும் வந்தது, அது போதும் என்று நினைத்து வரைந்து முடித்தாள். சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள்.

அவன் எழவில்லை.

தட்டை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். இன்னும் தண்ணீர் விட்டாள். கோட்டு மனிதன் தட்டின் அடியில், கல்லில் வெட்டியதுபோல ஒட்டிக் கிடந்தான். மை ஓரத்தில்கூடப் பெயரவில்லை. தண்ணீரைக் கொட்டி, உலர்த்தி, சேலைத் தலைப்பால் துடைத்து, இந்த முறை முகத்தையும் குரலையும் நடையையும் ஒன்றொன்றாகத் தேடிப் பிடித்து நினைத்துக்கொண்டு மறுபடி வரைந்தாள். மறுபடியும் எழவில்லை. பேனா கெட்டுவிட்டதோ, தன் கை போய்விட்டதோ என்று ஐயம் வந்தது. வேறொரு தட்டை எடுத்தாள். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த தட்டு. அவள் அப்பா சாம்பமூர்த்தி உண்டது. அவள் பாவாடை கட்டிய வயதில் அவர் முகத்துவாரத்துச் சுழலில் போனார். உடல் ஒதுங்கியது, எரித்தார்கள், அதனால் அவரை வரைய வேண்டிய தேவை இதுவரை யாருக்கும் வரவில்லை. அவரை நினைத்து வரைந்து தண்ணீர் விட்டாள். விட்ட நீர் அடங்குவதற்குள் அவர் எழுந்து நின்றார். இடக்கையைப் பிடரியில் வைத்துக்கொண்டு, மேகம் பார்க்கிறவராக அண்ணாந்து பார்த்தார்.

ஆகவே பேனாவில் குறையில்லை, கையிலும் குறையில்லை. வைரக்கண்ணு நீரில் இல்லை. நால்வர் மூழ்கிய படகிலிருந்து ஒருவன் எங்கோ ஒரு கரையில் ஏறியிருக்கிறான். ஏறியவன் தலையைத் துவட்டிக்கொண்டு வேறு திசையில் நடந்துபோயிருக்கிறான். இத்தனை ஆண்டுகளாக எங்கோ ஓர் ஊரில், வேறொரு தட்டில், சூடான சோறு உண்டுகொண்டிருக்கிறான்.

இதற்குத் தான் என்ன உணர வேண்டும் என்று தையல்நாயகி தேடிப் பார்த்தாள். கோபமா, அவமானமா, இருக்கிறானே என்ற ஆறுதலா? ஐஸ் பெட்டிக்குள் விழுந்த பேனா மூடியை மரத்த விரல்களால் துழாவுவதைப்போல உள்ளே துழாவினாள். ஏதோ தட்டுப்பட்டது, அது மூடியா மீனா ஐஸ் கட்டியா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இதை ஊருக்குச் சொன்னால் அவன் இருக்கிறவன் ஆவான்; அவன் இருக்கிறவன் ஆனால் தட்டு அவன் இடத்திலேயே இருக்கும், கதவு திறந்தே இருக்கும், அவள் சாகும்வரை சோறு ஆறிக்கொண்டே இருக்கும்.

அவள் அப்பாவை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கரைக்குக் கொண்டுபோனாள். அலையில் விடுவதற்குமுன், "மத்தியானம் இன்னொரு தடவ வந்துட்டுப் போங்கப்பா," என்றாள். அவர் பிடரியிலிருந்து கையை எடுக்காமலே போனார்.

உச்சி வேளைக்குக் கோயில் கொட்டகை நிறைந்துவிட்டது. நடுவே பாய் விரித்து வைரக்கண்ணுவின் தட்டை வைத்தார்கள். பாக்கியத்தம்மாள் சந்தையிலிருந்து நேரே வந்து, கூடையைத் தூணோரம் இறக்கி, மருமகளின் எதிரே உட்கார்ந்தாள். அவள்மேல் கருவாட்டு வாடை வீசிற்று.

"பேரச் சொல்லி வரையும்மா," என்றார் நாட்டார்.

"வைரக்கண்ணு," என்று தையல்நாயகி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். மனத்துக்குள் சாம்பமூர்த்தி என்றாள். அவளிடம் வித்தை என்று ஊர் சொன்ன எதிலும் அதுவரை வித்தை இருந்ததில்லை, வரைந்தாள், எழுந்தார்கள். வாய் ஒரு பெயரைச் சொல்ல மனம் வேறொரு பெயரைப் பிடித்துக்கொண்ட இந்த ஒருமுறைதான் அவள் வித்தை செய்தாள். அடுத்தவர் தட்டில் அப்பா வருவாரா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே தண்ணீரை ஊற்றினாள். வந்தார். கொஞ்சம் தயங்கி, மண்டியிட்டு, பிறகு எழுந்து நின்று, இடக்கையைப் பிடரியில் வைத்தார்.

"வந்துட்டாருக்கா!" என்று வேதவல்லி கத்தினாள். பெண்கள் பக்கத்தில் அழுகை தொடங்கிற்று.

"இருங்க, இருங்க," என்றார் பின்வரிசையில் ஒருவர். "வைரக்கண்ணு இப்படிப் பிடரியில கைய வைப்பானா? நான் பாத்ததில்லையே."

"இத்தன வருசம் கடலுக்குள்ள கெடந்தா உனக்குக் கழுத்து வலிக்காதா?" என்றாள் வேதவல்லி. "உன்னையும் கடல்ல போட்டுப் பாக்கவா?"

நாட்டார் கையமர்த்தினார். "பெத்தவ சொல்லட்டும்."

பாக்கியத்தம்மாள் தட்டின்மேல் குனிந்தாள். அவள் மூச்சில் நீர் அதிர்ந்தது. நெடுநேரம் பார்த்தாள். சாம்பமூர்த்தியும் அவளும் ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பிடரியில் கைவைத்து மேகம் பார்க்கும் அந்த ஆளை அவள் தன் கூடையைப்போல அறிவாள். நிமிராமலே, மருமகளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"இது உங்கப்பன்ல?"

"ஆமா அத்தை."

"எம் புள்ள?"

"காலையில வரைஞ்சு பாத்தேன். எந்திரிக்கல."

"தண்ணி நெறைய விட்டியா?"

"விட்டேன். ரெண்டு தடவ வரைஞ்சேன். ஒட்டுனது ஒட்டுனபடியே கெடந்தாரு."

கிழவியின் கண் தட்டைவிட்டு எழுந்து மருமகளின் முகத்துக்கு வந்தது. அந்தக் கண்ணில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. ஊரைப் பார்த்து அவள் அதைச் சொல்லியிருக்கலாம்; எம் புள்ள உசுரோட இருக்கான் என்று கொட்டகை இடியக் கத்தியிருக்கலாம்; அவ்வளவு காலமும் அவள் சொன்னதுதான் உண்மை என்று மாசிலாமணியின் மீசையைப் பிடித்து ஆட்டியிருக்கலாம். தையல்நாயகி கையைக் கட்டிக்கொண்டு, எது வந்தாலும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சுவது எப்படியென்று அவளுக்கு நினைவில்லை.

பாக்கியத்தம்மாள் மருமகளின் கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், ஐஸில் வெளுத்துச் சுருங்கிய விரல்நுனிகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எம் மவன்தான்," என்றாள். "இவன்தான் எம் மவன்."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்து, கொட்டகையின் தகரம் அதிரும்படி ஓலமிட்டாள். இவ்வளவு அழுகையையா இந்தக் கிழவி இத்தனை ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தாள் என்று ஊர் திகைத்தது. கல் மனசு என்று அவளைத் திட்டியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாட்டார் துண்டால் கண்ணைத் துடைத்தபடி, நாளைக் காப்பு என்பதால் இன்றே தட்டைக் கரைக்குக் கொண்டுபோகலாம் என்று அறிவித்து, தாலி இறக்கும் மூத்த பெண்களை அழைத்தார்.

மாமியாரை அணைத்துப் பிடித்திருந்த தையல்நாயகிக்கு மட்டும் அந்த முந்தானைக்குள் நடப்பது தெரிந்தது. பாக்கியத்தம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் போன வாயை அகலத் திறந்து, கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் விழுந்த ஒவ்வோர் அடியும் அந்தச் சிரிப்பு வெளியே வந்துவிடாமலிருக்க விழுந்த அடி. அவள் மற்றொரு கை மருமகளின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. நகங்கள் பதிந்து தோல் சிவந்ததைத் தையல்நாயகி பார்த்தாள், வலி மட்டும் வந்து சேரவில்லை.

மூத்த பெண்கள் நெருங்கி வந்தார்கள். தையல்நாயகி முந்தானையை இன்னும் கீழே இழுத்துக் கிழவியின் முகத்தை முழுவதும் மறைத்தாள். இருவரில் ஒருவராவது அழ வேண்டுமே என்று நினைத்து, வாயைத் திறந்து, மற்றப் பெண்கள் அழக் கேட்டிருந்ததைப் போலவே அழுதாள். ஓசை சரியாகத்தான் இருந்தது. பிறகு குனிந்து கழுத்தைக் கொடுத்தாள்.